லெஸ்

அமெரிக்க எழுத்தாளர் ஆண்ட்ரூ ஷான் கிரியரின் ஐந்தாவது நாவல் 'லெஸ்'. 2017 ஜூலையில் வெளிவந்து, 2018-ல் புனைகதைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. ஐம்பதாவது பிறந்தநாளை நெருங்கும், பெரிதாகப் பெயரெடுக்காத ஒரு நாவலாசிரியன், தன்னைவிட இளையவனான முன்னாள் காதலனின் கல்யாணப் பத்திரிகையைக் கண்டதும் ஊரைவிட்டு ஓடுகிறான். உலகைச் சுற்றி வீடு திரும்புகிறான். கதை இவ்வளவுதான். பிரிந்த காதலர் மறுபடி சேரும் கதைகளை ஆங்கிலப் பதிப்புலகம் தனி வகையாகவே விற்கிறது. தமிழில் 'மறுவாய்ப்புக் காதல்' எனலாம். ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' அந்த வகைக்கு மூத்த பாட்டி. அதே கதையச்சில் வார்த்த நாவல்தான் 'லெஸ்'. காதலர் இருவரும் ஆண்கள்.

பெயர்

லெஸ் என்பது நாயகன் ஆர்தரின் குடும்பப்பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் 'குறைவு' என்று பொருள். நாவலின் எட்டு அத்தியாயத் தலைப்புகளும் இந்தச் சிலேடையில் நிற்கின்றன. 'லெஸ் இந்தியன்' என்ற தலைப்பை இந்தியாவுக்கு வந்த லெஸ் என்றும் படிக்கலாம், இந்தியத்தன்மை குறைந்தவன் என்றும் படிக்கலாம். கடைசி அத்தியாயத் தலைப்பான 'லெஸ் அட் லாஸ்ட்', ஒருவழியாக லெஸ் வந்து சேர்ந்தான் என்றும், கடைசியில் குறைந்துபோனான் என்றும் பொருள்படும். பெயரை அப்படியே வைத்தால் சிலேடை போகும், சிலேடையைப் பிடித்தால் பெயர் போகும். மொழிபெயர்ப்பாளருக்கு முதல் பக்கத்திலேயே தலைவலி.

கதை

ஆர்தர் லெஸ் சான் பிரான்சிஸ்கோவில், வல்கன் படிக்கட்டு என்ற படிச்சந்தில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறான். இளமையில் ராபர்ட் பிரவுன்பர்ன் என்ற கவிஞரோடு வாழ்ந்தவன். ராபர்ட் வயதில் மிக மூத்தவர், ஏற்கெனவே மணமானவர், புலிட்சர் வாங்கியவர், மேதை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டவர். அந்த நிழலில் கழிந்த ஆண்டுகளில் லெஸ் கற்றுக்கொண்டது, மேதையோடு வாழ்வது எப்படி என்பதும் தான் மேதை இல்லை என்பதும். பிறகு அவன் வாழ்க்கையில் வந்தவன் பிரெடி பெலு. லெஸ்ஸின் பழைய போட்டியாளரான கார்லோஸிடம் வளர்ந்த பையன், பள்ளிக்கூட ஆங்கில ஆசிரியன். இப்போது மூத்தவன் லெஸ். சேர்ந்து வாழ்கிறோம் என்று இருவரும் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் போயின. ஒருநாள் பிரெடி, டாம் என்பவனோடு போகப்போவதாகச் சொல்கிறான். போகாதே என்று லெஸ் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் போனால் அவமானம், போகாமலிருந்தால் அதைவிடப் பெரிய அவமானம். ஆகவே இதுவரை மேசையில் தூங்கிக்கொண்டிருந்த அழைப்புகள் எல்லாவற்றுக்கும் லெஸ் ஒரே மூச்சில் சம்மதம் சொல்கிறான். நியூயார்க்கில் தன்னைவிடப் பல மடங்கு புகழ்பெற்ற ஓர் அறிவியல் புனைகதை எழுத்தாளரை மேடையில் பேட்டி காண வேண்டும். மெக்சிகோவில் ராபர்ட்டைப் பற்றிய கருத்தரங்கு. லெஸ் அங்கே எழுத்தாளனாக அல்ல, மேதையின் பழைய காதலனாக வேண்டப்படுகிறான். டூரினில் ஒரு பரிசு விழா. நடுவர்கள் பள்ளி மாணவர்கள். கிடைக்காது என்று உறுதியாக இருந்தவனுக்குப் பரிசு கிடைத்துவிடுகிறது. உடனே அவனுக்கு வரும் எண்ணம், சுமாரான தன் நாவலை இத்தாலிய மொழிபெயர்ப்பாளர் நல்ல நாவலாக்கிவிட்டார் போலிருக்கிறதே என்பது. பாராட்டு வந்தால் அதை வேறு யார் கணக்கிலாவது எழுதிவிடும் இந்தப் பழக்கத்தைத்தான் நாவல் உட்கார்ந்து கவனிக்கிறது.

பெர்லினில் அவன் பாடம் எடுக்க வேண்டும். தனக்கு ஜெர்மன் சரளமாக வரும் என்பது லெஸ்ஸின் உறுதியான நம்பிக்கை. அவன் பேசுவதையெல்லாம் அதே பிழைகளோடு ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கிறார் கிரியர். வாசகருக்குக் கேட்பது அவனுக்குக் கேட்பதில்லை. ஆனாலும் மாணவர்கள் அவனிடம் ஒட்டிக்கொள்கிறார்கள். கத்திரிக்கோலும் பசையும் கொடுத்து நபகோவின் பத்தியை வெட்டி ஒட்டச் சொல்லும் வாத்தியாரை யாருக்குப் பிடிக்காது?

பாரிஸில் இருந்தது கொஞ்ச நேரம்தான். ஆனால் அங்கே ஒரு விருந்தில்தான் ஒரு சக எழுத்தாளர் அவனிடம் உண்மையை உடைத்துச் சொல்கிறார்: அவன் மோசமான எழுத்தாளன் அல்லவாம், மோசமான தன்பாலீர்ப்பாளனாம். லெஸ்ஸின் முதல் நாவல் 'கலிப்ஸோ', ஹோமரின் 'ஒடிஸி'யிலிருந்து எடுத்த கிளைக்கதை. இரண்டாம் உலகப்போர்ப் படைவீரன் ஒருவன் பசிபிக் தீவில் கரையொதுங்குகிறான். அவனை நேசிக்கும் ஆண், கடைசியில் அவனை மனைவியிடமே அனுப்பிவைக்கிறான். ஏன் உன் ஆட்கள் எப்போதும் தோற்கிறார்கள், ஏன் எப்போதும் அனுப்பிவைக்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. பிரெடியை அவன் அனுப்பிவைத்ததும் இதே மாதிரிதான் என்பதை நாவல் விளக்கிச் சொல்வதில்லை.

மொராக்கோ பாலைவனத்தில் ஒட்டகப் பயணம். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக நோயில் விழ, எஞ்சிய சிலரோடு அவனுக்கு ஐம்பது பிறக்கிறது. பிறகு கேரளம், பிறகு ஜப்பான். கியோட்டோவில் ஒரு பழைய கட்டடத்தின் அறைக்கதவு இறுகிக்கொள்ள, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறான். கடைசியில் சான் பிரான்சிஸ்கோ, இரவு, படிக்கட்டு. மேலே வீட்டு வாசலில் பிரெடி நிற்கிறான். அவன் கல்யாணம் தேனிலவோடு முடிந்துவிட்டது.

கதையைச் சொல்வது யார்

தொடக்கம் முதலே ஒரு குரல் லெஸ்ஸைப் படர்க்கையில் வைத்துச் சொல்லிக்கொண்டு வருகிறது. இடையிடையே அது 'நான்' என்கிறது, இளவயதில் லெஸ்ஸைப் பார்த்தேன் என்கிறது, பிறகு மறைந்துகொள்கிறது. கேலி செய்கிறது, ஆனால் கேலியில் கசப்பு இல்லை. அந்தக் குரல் பிரெடியுடையது என்பது கடைசிப் பக்கங்களில்தான் வெளிச்சமாகிறது.

நாவலின் கட்டுமானத்தில் கெட்டிக்காரத்தனமான இடம் இது. ஒடிஸியஸின் பயணத்தை வீட்டில் காத்திருந்த மனைவி பெனலோப்பி சொல்லியிருந்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற ஏற்பாடு. இன்னொன்றையும் இது செய்கிறது. லெஸ் தன்னைப் பார்க்கும் பார்வையில் அவன் தோற்றவன், அசடன், காலாவதியானவன். அவனையே கதை சொல்ல விட்டிருந்தால் நாவல் முழுக்க அந்தப் புலம்பல்தான். அதே சம்பவங்கள் காதலிப்பவன் வாயில் வரும்போது ஒவ்வொரு அசட்டுத்தனமும் பிரியத்துக்குரியதாகிறது. மறுமுறை படித்தால் ஒவ்வொரு கேலியும் காதல் கடிதத்தின் வரியாகத் தெரியும். லெஸ் தன்னை ஏற்றுக்கொள்ளும் முன்பே, தன்னை ஏற்றுக்கொண்ட ஒருவரின் கையில் இருந்திருக்கிறான், அவனுக்குத்தான் தெரியவில்லை.

எதை ஏற்றுக்கொள்வது

தன்பாலீர்ப்புக் காதல் நாவல்களில் 'தன்னை ஏற்றுக்கொள்ளல்' என்றால் பெரும்பாலும், நான் இப்படிப்பட்டவன் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்வது. இ. எம். ஃபார்ஸ்டர் 1913-14-ல் எழுதி, அவர் இறந்தபின் 1971-ல் வெளிவந்த 'மாரிஸ்' அந்த வழியின் முன்னோடி. லெஸ்ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவன் யார் என்பது அவனுக்கும் ஊருக்கும் தெரியும். அவனால் ஏற்க முடியாதவை வயதும் நடுத்தரத் திறமையும்.

வயது என்பதில் ஒரு வரலாறும் ஒளிந்திருக்கிறது. தன்பாலீர்ப்பு ஆண்களிலேயே முதன்முதலாகக் கிழவனாகப் போவது தான்தானோ என்று லெஸ்ஸுக்குத் தோன்றும். சிரிக்க வைக்கும் எண்ணம்தான். ஆனால் 2010-களின் நடுவில் ஐம்பதைத் தொடுகிற ஒருவன், 1981-ல் எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை அமெரிக்காவில் வந்தபோது பள்ளிக்கூட வயதில் இருந்திருப்பான். கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-ல் வருவதற்குள் அவனுடைய இருபதுகள் முடிந்திருக்கும். அவனுக்கு முந்தைய தலைமுறையில், எப்படி முதுமை அடைவது என்று காட்டியிருக்க வேண்டியவர்களில் பலர் முதுமையை எட்டவே இல்லை. சான் பிரான்சிஸ்கோ அந்த இழப்பின் நடுமுற்றம். கிரியர் இதை விரித்து எழுதுவதில்லை. ஓரிரு வாக்கியங்களில் தொட்டுவிட்டு அடுத்த விமானத்தைப் பிடிக்கிறார். அந்த அடக்கம் நாவலுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையும் அப்படிப்பட்டதுதான். அமெரிக்கா முழுவதும் தன்பால் திருமணம் சட்டப்படி செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015 ஜூன் 26-ல். முன்னாள் காதலன் இன்னொரு ஆணை மணக்கும் விழாவுக்கு முறைப்படி அழைப்பு வந்து மனம் நோவது, அந்த வகையில் புத்தம்புதிய நோவு. நம் பக்கம் இந்தக் காட்சிக்கு வேறு உருவம்: பத்திரிகை வரும், மணமகளின் பெயரோடு.

சோகம் நகைச்சுவையானது

கிரியர் 1970-ல் வாஷிங்டனில் பிறந்தவர். முதுமையில் பிறந்து இளமை நோக்கி வளரும் மனிதனைப் பற்றிய 'மாக்ஸ் டிவோலியின் ஒப்புதல் வாக்குமூலங்கள்' (2004) அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 'லெஸ்' முதலில் இறுக்கமான முகத்தோடுதான் எழுதப்பட்டது. ஓராண்டு உழைப்புக்குப் பிறகு, வயதாகும் தன்பாலீர்ப்பாளனைப் பற்றிச் சிரிப்போடு எழுதினால் மட்டுமே சரிவரும் என்று உணர்ந்து மாற்றியதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த மாற்றம் கதைக்குள்ளேயே நடக்கிறது. லெஸ் கையில் 'ஸ்விஃப்ட்' என்ற கையெழுத்துப் பிரதி இருக்கிறது: ஒரு நடுவயது ஆண் நகரமெங்கும் நடந்து நடந்து வருந்துவது. பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது. மொராக்கோவில் ஜோரா என்ற பெண் அதைக் கேட்டுவிட்டு, வெள்ளைக்கார நடுவயது அமெரிக்க ஆணின் துக்கத்துக்காக யார் அழுவார்கள் என்கிறாள். விமர்சகர்கள் கேட்கவிருந்த கேள்வியை நாவல் தானே முந்திக் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். அதனால் கேள்வி முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

பதில் அவனுக்குக் கேரளத்தில், அரபிக்கடலோர விடுதி ஒன்றில் கிடைக்கிறது. அமைதியாக எழுதலாம் என்று நம்பி வந்த இடம் ஒரு கிறிஸ்தவ தியான மையம். காலில் காயம். அவனுடைய அடையாளமாகவே ஆகிவிட்ட, அளவெடுத்துத் தைத்த நீல சூட்டை ஒரு நாய் கிழித்துப்போடுகிறது. அந்த உடை போனபின்தான், தன் நாயகன் துன்பத் தலைவன் அல்ல, கோமாளி என்று லெஸ்ஸுக்குப் பிடிபடுகிறது. ஒவ்வொரு சோகக் காட்சியையும் சிரிப்புக் காட்சியாகத் திருப்பி எழுதத் தொடங்குகிறான்.

இந்திய வாசகருக்கு இந்த அத்தியாயம் சற்று மெலிவாகவே படும். கேரளம் இங்கே வெள்ளைக்காரனின் ஞானோதயத்துக்கு வாடகைக்கு எடுத்த மேடை. கேலி லெஸ் மீதுதான் என்பது ஆறுதல். ஒரு விவரம் கதையில் பேசப்படாமலே கிடக்கிறது: நாவல் வெளிவந்த 2017-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு தன்பால் உறவைக் குற்றமாகவே வைத்திருந்தது. வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் உறவை உச்ச நீதிமன்றம் அதிலிருந்து விடுவித்தது 2018 செப்டம்பர் 6-ல், கிரியர் புலிட்சர் பெற்ற ஐந்தாவது மாதத்தில். திருமண உரிமையை அதே நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது.

வரவேற்பு

2018 ஏப்ரல் 16-ல் புலிட்சர் அறிவிக்கப்பட்டபோது பலருக்கும் வியப்பு. நகைச்சுவை நாவலுக்கு அந்தப் பரிசு அபூர்வம். 1981-ல் ஜான் கென்னடி டூலின் 'முட்டாள்களின் கூட்டமைப்பு' பெற்றது பழைய உதாரணம். இறுதிச்சுற்றில் ஹெர்னான் டியஸ், எலிஃப் பட்டுமன் ஆகியோரின் நாவல்கள் இருந்தன. நாவலுக்குள் புலிட்சர் வாங்கியவர் ராபர்ட், வாங்காதவன் லெஸ். லெஸ்ஸை எழுதியவருக்கு அது கிடைத்ததில் இருந்த வேடிக்கையை வாசகர்கள் தவறவிடவில்லை. அப்போது கிரியர் இத்தாலியின் டஸ்கனியில், எழுத்தாளர் தங்கி எழுதும் சாந்தா மத்தலேனா இல்லத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

தொடர்ச்சியான 'லெஸ் இஸ் லாஸ்ட்' 2022-ல் வெளிவந்தது. ராபர்ட்டின் மரணத்தில் தொடங்கி, ஒரு பழைய வேனில், கூட ஒரு பக் நாயுமாக அமெரிக்காவையே லெஸ் சுற்றும் கதை. சொல்பவன் மறுபடி பிரெடிதான். இம்முறை அது தொடக்கத்திலேயே தெரியும். பெரும்பாலான பக்கங்கள் அதே அளவு சிரிக்க வைக்கின்றன. ஆனால் யார் பேசுகிறார் என்று தெரியாமல் அந்தக் குரலை நம்பிப் பின்னால் போன முதல் நாவலின் சுகம் அதில் இல்லை.