கிராஃபீன் ஓஎஸ் நிறுவுதல்

கிராஃபீன் ஓஎஸ், ஆண்ட்ராய்டின் திறமூல நிரலிலிருந்து தனியுரிமையையும் பாதுகாப்பையும் முதன்மையாகக் கொண்டு உருவாக்கப்படும் திறன்பேசி இயங்குதளம். 2014இல் டேனியல் மிக்காய் தொடங்கிய பணியே இதன் வேர். 2019 முதல் இப்பெயரில் வழங்குகிறது.

இதை நிறுவக் கூகுளின் பிக்சல் பேசி வேண்டும். கூகுளிடமிருந்து விலக நினைப்பவருக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் வேறு இயங்குதளத்தை ஏற்றிய பிறகும், இயங்குதளத்தைத் துவக்கும் நிரலான பூட்லோடரை மறுபடி பூட்டவும், அத்தளத்தின் சொந்தச் சாவியைக் கொண்டே ஒவ்வொரு துவக்கத்தையும் சரிபார்க்கவும் பிக்சல் இடமளிக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனம் பூட்டி விற்ற பேசிகளில் பூட்லோடர் திறக்காமல் போகலாம். வாங்கும் முன்பே இதைக் கேட்டறிவது நல்லது.

அமைப்புகளில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ வசதியை இயக்கி, பேசியை யுஎஸ்பி வடத்தால் கணினியுடன் இணைத்து, குரோமியம் வகை உலாவி வழியாகவே நிறுவலை முடிக்கலாம். பூட்லோடரைத் திறக்கும்போதும் பூட்டும்போதும் பேசியிலுள்ள தரவு முழுவதும் அழியும். முன்கூட்டியே நகலெடுத்துவிட வேண்டும். நிறுவல் முடிந்ததும் பூட்லோடரைப் பூட்டாமல் விடுவது பெரும் தவறு. பேசி கைக்குக் கிடைத்த எவரும் இயங்குதளத்தையே மாற்றிவிட முடியும். பூட்டிய பேசி துவங்கும்போது மஞ்சள் எச்சரிக்கையுடன் சாவியின் அடையாளக் குறியைக் காட்டும். அதிகாரபூர்வக் குறியுடன் அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கூகுள் செயலிகள் எதுவும் உடன் வருவதில்லை. தேவைப்படுவோர் பிளே சேவைகளைத் தனிச்சலுகை ஏதுமற்ற சாதாரணச் செயலிகளாக நிறுவிக்கொள்ளலாம். எந்தச் செயலிக்கும் இணைய அனுமதியை மறுக்கும் வசதியும் உண்டு. கூகுளின் சான்றிதழை எதிர்பார்க்கும் சில வங்கிச் செயலிகள் மட்டும் இயங்க மறுக்கின்றன.