சிலியாவ் பிறப்பும் 16 வயது வரம்பும்: பீட்டர் வேலப்பனைப் பேராக்கிலிருந்து வாசித்தல்

பீட்டர் வேலப்பன் (1935–2018) 1978 முதல் 2007 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பொதுச்செயலாளராக இருந்தவர். அவரைப் பற்றி எழுதுவோர் நெகிரி செம்பிலானின் சிலியாவிலிருந்து தொடங்குகிறார்கள். ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த அந்த ஊரே இளையோர் ஆட்டத்தின்மீது அவருக்கிருந்த அக்கறைக்கு ஊற்று என்பது பழகிப்போன வாசிப்பு. எனக்கு அது ஒப்பவில்லை.

அவ்வாசிப்புக்கு முட்டுக்கொடுப்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் குடியிருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். பள்ளி வந்தது, பள்ளியோடு திடல் வந்தது, திடலோடு பந்து வந்தது என்று இதிலிருந்து ஏணி கட்டிவிடுகிறார்கள். சட்டம் எண்ணிக் கணக்கிட்டது பிள்ளைகளை, கேட்டது பள்ளியை. திடல் நாமாகச் சேர்த்துக்கொண்டது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒற்றை அறைதான். கிராணியோ (தோட்ட எழுத்தர்) கங்காணியோதான் (வேலைக் கண்காணிப்பாளர்) வாத்தியார். காலையில் வேலைக்குக் கூடி அப்பன் பேர் கொடுத்த பெரட்டுக் களத்தில் மாலையில் மகன் பந்து உதைத்திருப்பான் என்றால் நம்பலாம். அதற்கு விளையாட்டுக் கொள்கை என்று பெயர் சூட்ட முடியுமா?

பேராக்கும் நெகிரி செம்பிலானும் அன்று கூட்டாட்சி மலாய் மாநிலங்களைச் சேர்ந்தவை. இரண்டையும் ஆண்டது அதே சட்டம். இன்று மலேசியாவிலேயே அதிகத் தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில்தான், ஏறத்தாழ 134. சட்டமே ஊற்று என்றால் அதன் பலன் இங்கேதான் பெருகியிருக்க வேண்டும். இங்கு நான் காண்பது ஓர் இடைவெளி. தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு, அதாவது 12 வயதில், முடிகிறது. பிறகு நகரத்து இடைநிலைப்பள்ளி; அங்கே முதல் ஆண்டு பலருக்குப் புகுமுக வகுப்பு. பயிற்சி மாலையில். தோட்டத்துக்குத் திரும்பும் பேருந்தும் மாலையில்தான்.

16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டி 1985இல் தொடங்கியது. வேலப்பன் பொறுப்பிலிருந்த காலம். உலகக் காற்பந்துச் சம்மேளனம் அதே ஆண்டில் அதே வயதினருக்குச் சீனாவில் முதல் உலகப் போட்டியை நடத்தியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆசியப் போட்டி அதற்கான தகுதிச் சுற்று. 12க்கும் 16க்கும் நடுவே யாரோ ஒருவர் சிறுவனைத் திடலில் வைத்திருந்தார் என்று அந்த 16 வயது வரம்பு முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. அந்த ஒருவர் இடைநிலைப்பள்ளி ஆசிரியர். வேலப்பனும் ஆசிரியராக இருந்தவர்தான். அவரது இளையோர் பணியைத் தோட்டத்தின் நினைவாக வாசிப்பதைவிடப் பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையாக வாசிப்பதே பொருந்தும் என்பது என் துணிபு. 2000க்குப் பின் வந்த ‘விஷன் ஆசியா’ திட்டம் அடித்தள ஆட்டம்வரை இறங்கியது உண்மை. ஆனால் அது முகமது பின் ஹம்மாம் தலைமையில் உருவான திட்டம். ஒருவருடைய பிறந்த ஊரை வைத்து அதை விளக்க இயலாது.

மலேசியத் தேசிய அணியில் எம். சந்திரனும் ஆர். ஆறுமுகமும் இருந்தார்களே என்று கேட்கலாம். கடந்து வந்தவர்களின் பெயர்கள் அவை. வராதவர்களைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

பேராக்கின் சுங்கை சிப்புட்டை மட்டும் இந்த வாதத்தால் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. அவ்வூர்க்காரரான வீ. தி. சம்பந்தன் 1954இல் அங்கே நிறுவிய மகாத்மா காந்தி கலாசாலை எந்தத் தோட்டத் துரையின் சட்டக் கடமையாலும் எழுந்ததல்ல. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. சட்டம் ஆணையிட்ட பள்ளியும் ஊர் எழுப்பிய பள்ளியும் பிள்ளைகளை ஒரே மாதிரி விளையாட விட்டனவா? இதைச் சோதிக்க, 1985க்கு முந்தைய ஆறாம் வகுப்புப் பதிவேடுகளை ஈப்போ இடைநிலைப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளோடு பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். துண்டாடப்பட்ட தோட்டங்களின் பள்ளிகளிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கேதான் ஏடுகள் முதலில் தொலையும்.