முத்தும் முத்திரையும்

மதுரையின் பெயர் கிரேக்க எழுத்தில் 'மொதூரா' என்று நமக்குக் கிடைப்பது தாலமியின் நிலவியல் நூலில். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாண்டிரியாவில் உட்கார்ந்துகொண்டு, பாண்டியனின் அரசிருக்கை என்ற அடையாளத்தோடு அவர் அதைக் குறித்து வைத்தார். அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னால், பெயர் தெரியாத ஒரு கடல் வணிகர் செங்கடல் தொடங்கி நம் கரைவரை துறைமுகம் துறைமுகமாகச் சொல்லிக்கொண்டு வந்த 'பெரிப்ளூஸ்' என்ற கையேடும் பாண்டியன் நாட்டைப் பேசுகிறது. இந்த இரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், ரோமப் பேரரசர் டொமிஷியன் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், ஏறக்குறைய கி.பி. 95-இல், ஏஜியன் கடலின் பத்மு தீவில் யோவான் என்ற ஒருவர் ஏழு ஊர்ச் சபைகளுக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். கிறிஸ்தவ வேதாகமத்தின் கடைசிப் புத்தகம் அதுதான். மூன்றும் ஒரே கிரேக்கம்: ஹோமரின் காவியக் கிரேக்கமோ ஏதென்ஸ் நாடக மேடையின் கிரேக்கமோ கிடையாது, துறைமுகத்திலும் சுங்கச்சாவடியிலும் கடைவீதியிலும் புழங்கிய 'கொய்னே'. நாமோ முதல் இரண்டையும் வரலாற்று அலமாரியில் வைத்தோம். மூன்றாவதை வேதப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். பூட்டைத் திறந்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், உலக முடிவின் கால அட்டவணை என்று நம்பப்படும் அந்தப் புத்தகம் ரோமாபுரியின் கணக்கேட்டின் மீது எழுந்த ஒரு வழக்காகத் தெரியும் என்பதே இந்த வாரத்து வாதம்.

மதுரை வட்டாரத்தில் அந்தப் புத்தகத்துக்கு வாசகர்கள் குறைவில்லை. பார்கோடு வந்தபோது அதுதான் மிருகத்தின் முத்திரை என்றார்கள். ஆதார் வந்தபோது அது. கொரோனாத் தடுப்பூசி வந்தபோது அதுவும். நூலின் பெயரில் இதற்கு இடமே இல்லை. 'அப்போகாலிப்சிஸ்' என்றால் மூடியிருந்த திரையை விலக்குவது, அவ்வளவுதான். ஐரோப்பிய மொழிகளில் அந்தச் சொல் கெட்டுப்போய்ப் பேரழிவுக்கே பெயராகிவிட்டது. தமிழில் அந்த விபத்து நேரவில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி தமிழில் ஏராளமாக எழுதியும் வேதாகமத்தை மொழிபெயர்க்கவில்லை. அந்த வேலை நூறாண்டு கழித்துத் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தோளில் விழுந்தது. கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு 1708-இல் தொடங்கி 1711-இல் அவர் முடித்த புதிய ஏற்பாடு 1715-க்குள் அச்சேறிவிட்டது. பிறகு பப்ரிசியுஸ், இரேனியுஸ், 1871-இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு என்று கை மாறி வந்த புராட்டஸ்டண்ட் பதிப்பில் நூலின் பெயர் 'வெளிப்படுத்தின விசேஷம்'. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'திருவெளிப்பாடு'. இரண்டும் கிரேக்கத்துக்கு உண்மையானவை. பெயர் சரியாக அமைந்தும் வாசிப்பு தடம் மாறியதென்றால், காரணத்தை உள்ளே இருக்கும் சொற்களில்தான் தேட வேண்டும்.

'முத்திரை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் அதிகாரத்தில் தேவதூதன் கடவுளின் ஊழியர்களுடைய நெற்றியில் இடுவது கிரேக்கத்தில் 'ஸ்ஃப்ராகிஸ்'. பதின்மூன்றாம் அதிகாரத்தில் மிருகத்தின் ஆட்கள் வலக்கையிலோ நெற்றியிலோ பெறுவது 'காரக்மா'. இரண்டும் வெவ்வேறு சொற்கள். பவர் பதிப்பு இரண்டையும் 'முத்திரை' ஆக்கிவிட்டது. 1995 மொழிபெயர்ப்பு பின்னதைக் 'குறி' என்று பிரித்தது. பிரித்தது நல்லதுதான் என்றாலும், பழைய பதிப்பின் மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. அதற்குக் காரணம் பின்னால் வரும். ஸ்ஃப்ராகிஸ் எங்கே புழங்கிய சொல் என்பதற்கு நம் கடற்கரையோடு சம்பந்தப்பட்ட சாட்சியே இருக்கிறது. வியன்னாவில் இருக்கும் 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஓலை, முசிறி வணிகத்துக்காக வாங்கிய கடன் பற்றிய கிரேக்க ஒப்பந்தம். 1985-இல் அது அச்சில் வந்தது. அதன் மறுபக்கத்தில் 'ஹெர்மாப்பொல்லோன்' என்ற கப்பலில் வந்த கங்கைக்கரை நளதமும் தந்தமும் மதிப்புப் போடப்பட்டிருக்கின்றன. செங்கடலில் இறக்கிய சரக்கு அலெக்சாண்டிரியா போய்ச் சேரும்வரை கடன் கொடுத்தவருடைய அதிகாரத்திலும் அவருடைய ஸ்ஃப்ராகிஸின் கீழும் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. இன்னாருடைய பொருள், மற்றவன் கை வைக்கக் கூடாது என்பதுதான் அந்த முத்திரையின் பேச்சு. யோவானின் தேவதூதன் செய்வதும் அதே வேலை.

காரக்மா வேறு இடத்துச் சொல். காசில் பதித்த உருவம், ஒட்டகத்துக்குப் போட்ட சூடு, எல்லாவற்றுக்கும் மேலாக அரசு ஆவணத்தில் விழுந்த பேரரசரின் அச்சு. எகிப்தில் கிடைத்த விற்பனைப் பத்திரங்களில் பேரரசரின் பெயரும் ஆட்சியாண்டும் பொறித்த அச்சுக்கு இதுதான் பெயர் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் டைஸ்மான் எடுத்துக்காட்டினார். அந்தக் காரக்மா இல்லாதவன் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்று யோவான் எழுதும்போது, எபேசுவிலும் தியத்தீராவிலும் அதைக் கேட்ட தொழிலாளியும் வியாபாரியும் தலையைச் சொறிந்திருக்க மாட்டார்கள். சந்தைக்குள் நுழையவே பேரரசரின் முகம் பதித்த காசு வேண்டும். தொழிற்குழு விருந்தில் உட்கார வேண்டுமென்றால் அவருடைய வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும். தமிழில் 'முத்திரை நாணயம்' உண்டு, 'முத்திரைத்தாள்' உண்டு. காசிலும் பத்திரத்திலும் விழும் அரசின் அச்சை அந்தச் சொல் அழகாகப் பிடிக்கிறது. பழைய பதிப்பின் மேல் பரிவு என்றது இதனால்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். யோவானே தம் நூலைத் தீர்க்கதரிசனம் என்று முதல் அதிகாரத்தில் சொல்லும்போது, அதைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு இழுத்து வரலாமா? ஆனால் எபிரேய மரபில் தீர்க்கதரிசியின் வேலை நாள் குறிப்பது மட்டுமா? கள்ளத் தராசு பிடித்த வியாபாரியை ஆமோஸ் ஏசியதும் தீர்க்கதரிசனம்தான். தவிர, மிருகத்தின் எண்ணான 666-ஐக் கணக்குப் போட்டுப் பார் என்று யோவான் அந்தக் காலத்து வாசகருக்குத்தான் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு கருவியை அவர்கள் எந்தக் கணக்கில் கண்டுபிடித்திருப்பார்கள்? கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் எழுத்தே எண். பெயரைக் கூட்டினால் தொகை வரும். இது நமக்குப் புதிதில்லை: கடபயாதி முறையில் மாயாமாளவகௌளையின் 'மா'வுக்கு 5, 'யா'வுக்கு 1, திருப்பிப் போட்டால் 15-ஆவது மேளம். நீரோ சீசர் என்ற பெயரைக் கிரேக்க உச்சரிப்பின்படி எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது; லத்தீன் உச்சரிப்பின்படி கடைசி 'ன்' நீங்கினால் 616. சில பிரதிகளில் 616 என்று இருப்பதை 2-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபைத் தந்தை ஐரேனேயுஸ் அறிந்திருந்தார். எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்து 1999-இல் வெளியான பாப்பிரஸ் துண்டிலும் அதே 616. ஒரே பெயருக்கு இரண்டு தொகையும் பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஆறாம் அதிகாரத்துக் கறுப்புக் குதிரைக்காரன் கையில் தராசு. ஒரு தெனாரியஸுக்கு ஒரு 'கோய்னிக்ஸ்' கோதுமை, அதே காசுக்கு மூன்று கோய்னிக்ஸ் வாற்கோதுமை என்று ஒரு குரல் விலை கூறுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதைப் பணம் என்றும் படி என்றும் சந்தைத் தமிழில் போட்டது சரியான காரியம். தெனாரியஸ் கூலியாளின் ஒருநாள் சம்பளம். கொங்குநாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் தலைகளோடு வெள்ளி வெள்ளியாகக் கிடைத்த காசும் அதுதான். கோய்னிக்ஸ் ஓர் ஆளின் ஒருநாள் சாப்பாடு. அப்படியானால் நாள் முழுக்க உழைத்தவன் தான் சாப்பிடலாம், பிள்ளைக்கு மிஞ்சாது. இந்த விலை கற்பனையின் உச்சமா, கண்டறிந்ததா? டொமிஷியன் காலத்திலேயே, 92-93 வாக்கில், சின்ன ஆசியாவின் உட்பகுதியிலுள்ள அந்தியோக்கியாவில் பஞ்சம் வந்தது. ஒரு மோதியுஸ் தானியத்தை ஒரு தெனாரியஸுக்கு மேல் விற்கக் கூடாது என்று ஆளுநர் அந்திஸ்தியுஸ் ருஸ்திகுஸ் போட்ட ஆணையின் கல்வெட்டு இருக்கிறது. மோதியுஸுக்கு ஏறத்தாழ எட்டு கோய்னிக்ஸ். யோவான் கேட்ட விலை அந்த உச்சவரம்பைப் போல எட்டு மடங்கு. எண்ணெயையும் திராட்சைரசத்தையும் தொடாதே என்று அந்தக் குரல் சேர்த்துக்கொள்வதைக் கவனிக்க வேண்டும்: ஏழையின் தானியம் எரிகிறது, பண்ணையாரின் தோட்டம் பத்திரமாக இருக்கிறது.

இப்போது பதினெட்டாம் அதிகாரம். 'பாபிலோன்' என்ற மாற்றுப்பெயரில் ரோமாபுரி விழுகிறது. தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று வணிகர்கள் கரையில் நின்று ஒப்பாரி வைக்கிறார்கள். அந்தச் சரக்குப் பட்டியல் பொன், வெள்ளி, மணி, முத்து என்று தொடங்கிப் பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, சாம்பிராணி, கோதுமை, ஆடு, குதிரை என்று நீள்கிறது. பிளினி நினைவுக்கு வருகிறார்: மதுரையைத் தம் லத்தீனில் 'மொதூரா' என்று குறித்தவர், ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று புலம்பியவர். அவர் ரோமிலிருந்து பணப்பையைப் பார்த்து வருந்தினார்; யோவான் அதே கப்பல்களை வெளியிலிருந்து பார்த்தார்.

இந்தப் பட்டியல் எசேக்கியேல் 27-இல் தீரு நகரத்தின் மேல் பாடிய புலம்பலின் நகல்தானே, இதில் வரலாறு எங்கே என்று கேட்பார்கள். நகல் என்பது பாதி உண்மை. எசேக்கியேலின் கிரேக்க வடிவத்தை அருகில் வைத்துப் பார்த்தால், யோவான் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பது தெரியும். ஈயமும் தகரமும் போய்விட்டன. அங்கே இல்லாத முத்தும் பட்டும் உள்ளே வந்திருக்கின்றன. சேர்த்தவற்றில் பலவும் அன்றைய ரோம் பைத்தியமாய் அலைந்த பொருள்கள் என்பதை விவிலிய அறிஞர் ரிச்சர்ட் பாக்கம் விரிவாகக் காட்டியிருக்கிறார். இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு: மிளகு எங்கே? தமிழகத்தோடு நடந்த வாணிபத்தின் உயிர்நாடியே மிளகு. அதற்கென்றே டொமிஷியன் ரோமில் கிடங்கு கட்டினார். பட்டியலில் அது இல்லை. மிளகு செங்கடல், அலெக்சாண்டிரியா வழியாக நேரே இத்தாலிக்குப் போனது, ஆசிய மாகாணத்துச் சபைகள் அந்த மூட்டைகளைக் கண்ணால் கண்டிருக்க நியாயமில்லை என்று விளக்கம் சொல்லலாம். முழுத் திருப்தி தரும் பதிலா என்றால், இல்லை. ஆகவே இதைச் சுங்கப் பதிவேடு என்று நான் சாதிக்க மாட்டேன். முத்திலும்கூட ஒரு பங்கு பாரசீக வளைகுடாவிலிருந்து போனதுதான். ஆனால் ரோமானியர் முத்து என்றபோது நினைத்த கடல்களில் கொற்கைக் கடலுக்கும் இடம் உண்டு.

பட்டியலின் கடைசி வரிக்கு வரும்போது இலக்கணம் இடறுகிறது. யோவானின் கிரேக்கம் வழுக்கள் நிறைந்தது என்பதை 3-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டிரியாவின் ஆயர் தியோனிசியுஸ் எழுதிவிட்டார். யோவான் நற்செய்தியை எழுதிய கை இப்படி எழுதாது, இது வேறு ஆள் என்று தீர்ப்பும் சொன்னார். வேதமேயானாலும் பிழை பிழைதான் என்ற அந்தத் துணிச்சலை நக்கீரர் ஊர்க்காரர்கள் ரசிக்கலாம். ஆனால் நம் இலக்கணம் வழுவோடு நிற்பதில்லை. வழுவமைதி என்று இன்னொரு வாசலும் வைத்திருக்கிறது. பட்டியலில் குதிரைகள், தேர்கள், 'சோமாட்டா' ஆகியவை ஆறாம் வேற்றுமையில் நிற்கின்றன. அடுத்த சொற்றொடர் திடீரென்று இரண்டாம் வேற்றுமைக்குத் தாவுகிறது. 'சோமாட்டா' என்றால் உடல்கள். அடிமைச் சந்தையில் அதுதான் சரக்கின் பெயர். நம்மூரில் தலைக்கட்டு வரி போடும்போது தலை என்றால் குடும்பம் என்று ஆவது போல, அங்கே உடல் என்றால் அடிமை. தாவி வரும் சொற்றொடரின் பொருள் மனிதர்களின் உயிர்கள். அது எசேக்கியேல் தீருவின் அடிமை வணிகத்தைச் சொன்ன அதே சொற்றொடர். இடையில் நிற்கும் 'கை' என்ற இணைப்புச் சொல்லுக்கு 'உம்' என்றும் பொருள், 'அதாவது' என்றும் பொருள். பவர் பதிப்பு 'உம்' என்று எடுத்துக்கொண்டதால் அடிமைகள் ஒரு சரக்கு, ஆத்துமாக்கள் இன்னொரு சரக்கு என்று ஆயிற்று. ஆத்துமா விற்பனை என்றதும் வாசகர் பிசாசைத் தேடிப் போகிறார். வேற்றுமை பட்டியலின் நடுவிலும் ஒருமுறை காரணமில்லாமல் மாறுகிறதே என்று மறுக்க இடமுண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சந்தைச் சொல்லையும் தீர்க்கதரிசியின் சொல்லையும் அடுத்தடுத்து வைத்த இடத்தில் 'அதாவது' என்று படிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: வணிகன் ஏட்டில் உடல் என்று எழுதியதை அடித்து, மனித உயிர் என்று திருத்தும் கை.

பொன்னிலும் முத்திலும் தொடங்கிய பட்டியல் இங்கே வந்து முடிகிறது. பட்டியலின் அந்த இரு முனைகளும் சந்திக்கும் இடம் பெரிப்ளூஸ் கையேட்டில் இருக்கிறது. கொற்கை முத்தின் சிறப்பை மதுரைக்காஞ்சி பாடும். மதுரை அங்காடியின் கொடிகளையும் கூட்டத்தையும் விரிவாகப் பாடும். கடலில் மூழ்கியவர்கள் யார் என்பதை அந்தக் கிரேக்க வணிகர்தான் போகிற போக்கில் ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறார்: பாண்டிய வேந்தனின் ஆட்சிக்கு உட்பட்ட கொற்கையில் முத்தெடுப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள்.

(தொடரும்)