ஒரு சிவப்புப் பாசியின் வயது: கடல் கடந்த கண்ணாடி மணிகளுக்குக் காலம் கணித்த வரலாறு

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் மழை ஓய்ந்த மறுநாள் மண்ணில் பாசிகள் தெரியும். கடுகளவும் மிளகளவுமாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கருநீலம் என்று கிடக்கும் இவற்றை ஊரார் பல தலைமுறைகளாகப் பொறுக்கி வந்திருக்கிறார்கள். தோற்றத்தில் இவற்றைப் போன்ற பாசிகள் தாய்லாந்திலும் வியட்நாமிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. எந்தப் பாசி எந்தக் காலத்தது? இந்தக் கேள்விக்கு நேரான விடை இல்லை. கண்ணாடியில் கரிமம் இல்லாததால் மரக்கரியையும் நெல்மணியையும் ஆய்வதுபோல் கதிரியக்கக் கரிமக் கணிப்பில் அதன் வயதை அறிய இயலாது. ஆகவே அதற்குச் சுற்றுவழிதான் தேட வேண்டியிருந்தது.

முதலில் எல்லாரும் வடிவத்தையே நம்பினார்கள். ஆங்கிலேயரான ஹொரேஸ் பெக் 1928இல் வெளியிட்ட மணி வகைப்பாடு, நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம், முனையின் அமைப்பு, குறுக்குவெட்டு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர் தந்தது. ஜெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் 1929இல் சிம்பாப்வேயின் கற்கோட்டையை அகழ்ந்தபோது, அது விவிலியக் காலத்தது அன்று, இடைக்காலத்தில் ஆப்பிரிக்கர்களே எழுப்பியது என்று நிறுவுவதற்கு, கடல் கடந்து வந்த இத்தகைய மணிகளும் சான்றாயின. பெக்கின் முறையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்; இன்றும் அகழாய்வுப் பதிவேடுகளில் அதன் சொற்கள் வாழ்கின்றன. ஆனால் ஒரே நிறத்தில், அலங்காரம் ஏதுமின்றி, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் வடிவம் மாறாமல் செய்யப்பட்ட பாசியிடம் அந்த முறை தோற்றுவிடுகிறது.

அரிக்கமேடே இதற்கு எடுத்துக்காட்டு. 1945இல் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் இத்தாலிய அரிட்டைன் மட்கலங்களைக் கொண்டு அந்த இடத்தின் சிறப்புக் காலத்தை கி.பி. முதலிரு நூற்றாண்டுகளை ஒட்டி நிறுத்தினார். 1989 முதல் 1992 வரை அகழ்ந்த விமலா பெக்லியின் குழுவோ, அங்கே மக்கள் வாழ்ந்த காலம் அதற்கு முன்பே தொடங்கிச் சோழர் காலத்திலும் தொடர்ந்ததைக் காட்டியது. அப்படியென்றால், மண்மேட்டின் மேற்பரப்பில் பொறுக்கிய பாசி உரோமானியர் காலத்ததாகவும் இருக்கலாம், ஓராயிரம் ஆண்டு பிந்தியதாகவும் இருக்கலாம். ‘அரிக்கமேட்டு மணி’ என்ற பெயரையே ஒரு காலக்கணிப்பாக நாம் கையாண்டு வந்தது தவறு என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த திருப்பம், மணி செய்த கையைப் பற்றியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக நீண்டு ஓடினால், அது நீளமான கண்ணாடிக் குழலை இழுத்து நறுக்கிய மணி. அவை துளையைச் சுற்றி வளைந்து கிடந்தால், உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றிச் செய்தது. இழுத்துச் செய்த ஒருநிற மணிகளை ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று தனியே பிரித்தவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். அதற்குமுன் வான் டெர் ஸ்லீன் என்ற ஆய்வாளர் இவற்றுக்கு வாணிகக் காற்றின் பெயரைச் சூட்டியிருந்தார்.

அந்தத் தொழில்நுட்பத்தின் உயிருள்ள சான்று ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் கிடைத்தது. அங்குள்ள தொழிலாளர்கள் ‘லாடா’ எனும் உள்ளீடற்ற இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைப் பெரிய கூம்பாகத் திரட்டுவார்கள். பிறகு குழாய்க்குள் கோலைச் செலுத்திக் கூம்பைத் துளைப்பார்கள். உலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் கொக்கியால் நுனியைப் பற்றி இழுக்கத் தொடங்கினால், குழல் மணிக்கணக்கில் நீண்டுகொண்டே வரும். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றும்போது கூர் முனைகள் மழுங்கும். துளைக்குள் புகுந்த சாம்பல் அது மூடிக்கொள்ளாமல் காக்கும். இந்த மழுங்கல் ஓர் அடையாளம். தென்னாப்பிரிக்காவில் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான ‘ஷிசோ’ வகை மணிகளும் இழுத்துச் செய்தவைதாம். அவற்றின் முனைகளோ வெட்டியபடியே இருக்கும், அல்லது சற்றே மழுங்கியிருக்கும்.

ஆனால் செய்முறையும் காலம் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தொடங்கியது கண்ணாடியின் சேர்மானம். சீரொளியால் கண்ணுக்குத் தெரியாத அளவு துளையிட்டு, பறந்து வரும் துகளில் உள்ள தனிமங்களை எடையிட்டுப் பிரிக்கும் முறை வந்தபின், மணியைச் சிதைக்காமலே பல தனிமங்களை அளக்க முடிந்தது. உரோமானியக் கண்ணாடியில் அலுமினா 2–3 விழுக்காட்டளவில் நிற்கும், சுண்ணாம்பு கூடுதல். தெற்காசியக் கனிமச் சோடாக் கண்ணாடியில் அலுமினா பெரும்பாலும் 5 விழுக்காட்டைத் தாண்டும், சுண்ணாம்பு குறைவு. லோர் துய்சுபியூவும் உடன் ஆய்ந்தோரும் 2010இல் இதை மேலும் பகுத்தார்கள். யுரேனியம் குறைந்து பேரியம் மிகுந்த கண்ணாடி தென்னிந்தியாவையும் இலங்கையையும் சார்ந்தது, ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு வரை புழங்கியது. யுரேனியம் மிகுந்து பேரியம் குறைந்தது மேற்குக் கடற்கரையைச் சார்ந்தது. 9ஆம் நூற்றாண்டுக்குப் பின், மகாராட்டிரத்தின் சௌல் முதல் கிழக்காப்பிரிக்கா வரை அதைக் காணலாம். நிறத்திலும் வடிவத்திலும் இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரு சிவப்புப் பாசிகளுக்கு இடையே பல நூற்றாண்டு இடைவெளி இருப்பதை மணலோடு வந்த யுரேனியம் காட்டிக்கொடுக்கிறது!

இதனால் ஒரு பழைய குழப்பமும் தெளிந்தது. கண்ணாடியை உருக்கி ஆக்கும் இடம் வேறு, அதை மணியாக்கும் இடம் வேறு. இலங்கையின் கிரிபாவவில் கண்ணாடி ஆக்கியதற்கான எச்சங்கள் கிடைத்துள்ளன. கட்டியாக்கிய கண்ணாடி எந்தப் பட்டறைக்கும் பயணம் செய்திருக்கலாம். சேர்மானம் மூலப்பொருளின் ஊரைச் சொல்லுமே தவிர, கைவினைஞரின் ஊரைச் சொல்லாது.

வட அமெரிக்காவில் ஐரோப்பியர் வருகைக்குப் பிந்திய மண்ணடுக்குகளில் வேறொரு துப்பு உதவுகிறது. வெனிசு போன்ற இடங்களிலிருந்து அங்கே சென்ற வெள்ளை மணிகளில், ஒளிபுகாத வெண்மைக்கு முதலில் வெள்ளீயத்தைச் சேர்த்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆண்டிமனி அந்த இடத்துக்கு வந்தது, பின்னர் ஆர்சனிக்.

எந்த முறையும் மண்ணடுக்கை மீறிப் பேச முடியாது. அடுக்கோ பாசி புதைந்த காலத்தைத்தான் சொல்லும், பிறந்த காலத்தை அன்று. திமோர் தீவில் ‘முட்டிசலா’ எனும் செம்மணிகள் குலச்சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன. அத்தகைய சரம் அறுந்து விழுந்த அடுக்கைக் கொண்டு அது செய்யப்பட்ட காலத்தைக் கணித்தால் பிழை நேரும். மண்ணில் நெடுநாள் கிடந்த கண்ணாடியின் மேல்தோலில் சோடா கரைந்துபோயிருக்கும் என்பதால், தோலை மட்டும் அளந்த முடிவுகளையும் நம்புவதற்கில்லை. இவற்றுக்கெல்லாம் முந்தியது சல்லடை. இரண்டு மில்லிமீட்டர் பாசி மண்வெட்டிக்குத் தப்பிவிடும். மண்ணை நுண்சல்லடையில் சலிக்காத பழைய அகழ்வுகளின் பட்டியலில் பெரிய மணிகளே மிகுந்திருந்தால், அது அந்த ஊராரின் விருப்பம் என்று எழுதிவிடக் கூடாது.