கட்டங்களும் கோவேறு கழுதைகளும்

கணினி விளையாட்டைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று வாசகர்களில் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நாமும் நெடுங்காலம் அதைப் பொழுதுபோக்கு என்ற அளவிலேயே வைத்திருந்தவர்கள்தாம். ஆனால் ஒரு கூட்டம் எதைச் சேர்த்தது, எங்கே வைத்தது, எதைப் பணமாகக் கொண்டது, எதை வேண்டாமென்று வீசியது என்று கேட்பதும் வரலாறுதானே. அப்படிக் கேட்கத் தொடங்கியதும் 'டயாப்லோ' என்ற ஆட்டமும் அதன் வழிவந்தவையும் வேறு முகம் காட்டின. மனிதர்கள் கூடிப் புழங்கிய அந்த உலகங்களின் வழக்கங்களில் பலவற்றை உருவாக்கியது வாளோ மந்திரமோ அல்ல. பொருள் வைக்க இடம் போதாமையே என்பது நம் எண்ணம்.

ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வீரன் ஒருவன் பாதாளத்தில் இறங்கிப் பேய்களைக் கொல்கிறான். செத்து விழும் பேய் எதையாவது சிந்துகிறது: கத்தி, கவசம், மோதிரம், கொஞ்சம் பொன். அவன் பொறுக்குகிறான். பை நிறைகிறது. ஊருக்குத் திரும்பி விற்கிறான், வைக்கிறான், மறுபடி இறங்குகிறான். கதை, இசை, அச்சமூட்டும் இருட்டு எல்லாம் உண்டு. எனினும் ஆட்டத்தின் மூச்சு இந்தப் பொறுக்கலில்தான் இருக்கிறது.

பை நிறைவது பழைய சிக்கல். 1980இல் வந்த 'ரோக்' என்ற ஆட்டத்தில் படங்களே கிடையாது. திரையில் எழுத்துகள்தாம் அரக்கர்கள், எழுத்துகள்தாம் சுவர்கள். பையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆங்கில எழுத்து அடையாளம். பின்னால் வந்த 'நெட்ஹேக்' சிறிய எழுத்து, பெரிய எழுத்து இரண்டையும் எடுத்துக்கொண்டதால் இடம் 52 ஆயிற்று. நெடுங்கணக்கு முடியும் இடத்தில் மனிதனின் உடைமையும் முடிந்துவிடுகிறது. தமிழில் எழுதியிருந்தால் 247 பொருள் வைத்திருக்கலாமே என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார்! இந்த மரபில் வந்த 'ஆங்பாண்ட்' ஆட்டத்தில் ஊர்க் கடைகளின் வரிசையில் எட்டாம் எண் வாசல் வீரனுடைய சொந்த வீடு. அங்கே மிச்சத்தை வைத்துவிட்டுப் போகலாம். டயாப்லோவை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான டேவிட் பிரெவிக், இவ்வகை ஆட்டங்களில் ஊறியவர். மோரியா, ஆங்பாண்ட் இரண்டுக்கும் தாம் பட்ட கடனை வெளிப்படையாகச் சொன்னவர்.

வியப்பு என்னவென்றால், 1996 டிசம்பர் இறுதியில் வெளிவந்த முதல் டயாப்லோவில் அந்த வீடு இல்லை. பை மட்டும் உண்டு. குறுக்கே பத்து, நெடுக்கே நான்கு, ஆக 40 கட்டங்கள். மோதிரத்துக்கு ஒரு கட்டம், மார்புக் கவசத்துக்கு ஆறு. பொன்னும் இடம் அடைக்கும். ஒரு கட்டத்தில் 5,000 காசுக்குமேல் நிற்காது. பை முழுவதும் பொன்னே என்றாலும் 2,00,000தான். 1997இல் வந்த 'ஹெல்ஃபயர்' விரிவாக்கத்தில் ஒரு பதக்கம் உண்டு. அதை அணிந்தால் ஒரு கட்டத்தில் 10,000 காசு அடங்கும். வாளைக் கூர்மையாக்காத, உடலை வலுவாக்காத, இடத்தை மட்டும் தரும் ஒரு மந்திரப் பொருள்!

ஆகவே வீரர்கள் தங்கள் பொன்னை டிரிஸ்ட்ராம் ஊரின் தரையில் கொட்டிவைத்தார்கள். கிணற்றடியில், வீட்டு வாசலில், புல்வெளியில் குவியல் குவியலாக. தனியே ஆடுகிறவருக்கு அது பத்திரமாக இருந்தது. ஆட்டத்தைச் சேமித்தால் தரையும் சேர்ந்து சேமிக்கப்படும். பலர் கூடி ஆடும் இணைய ஆட்டத்தில் அப்படியல்ல. எல்லோரும் வெளியேறியதும் ஊர் கலைந்துவிடும், தரையில் கிடந்த பொருளும் அதோடு போய்விடும். கையில் சுமந்தது மட்டுமே மறுநாள் மிஞ்சும்.

2000 ஜூனில் வந்த இரண்டாம் டயாப்லோவில் ஊர் நடுவே ஒரு பெட்டி தோன்றியது. பொன் இனிக் கட்டத்தை அடைப்பதில்லை. பெட்டியில் ஆறுக்கு நான்கு என 24 கட்டங்கள். மறு ஆண்டின் விரிவாக்கத்தில் அது இரட்டித்து 48 ஆயிற்று. கவசமாக அடுக்கினால் எட்டுக் கவசங்கள், முடிந்தது. அதே விரிவாக்கத்தில்தான் ரூன் என்னும் எழுத்துக் கற்கள் 33 வகை வந்தன. ரத்தினங்களோ ஏழு இனம், ஐந்து தரம், ஆக 35 வகை. வகைக்கு ஒன்று வைக்கவே 68 கட்டம் வேண்டும். பெட்டியைச் செய்தவர்களும் கற்களைச் செய்தவர்களும் ஒரே அலுவலகத்தில்தான் இருந்தார்கள். இது அறியாப் பிழை என்று நமக்குத் தோன்றவில்லை. போதாதற்குத் தாயத்துகளையும் சேர்த்தார்கள். அவை பெட்டியில் கிடந்தால் பலிக்காது, பையில் இருந்தால்தான் பலிக்கும். வலுவாக விரும்புகிறவன் பையைத் தாயத்தால் நிரப்ப வேண்டும். நிரப்பிவிட்டால் கீழே கிடப்பதைப் பொறுக்க இடமிராது. வலிமையும் பேராசையும் ஒரே 40 கட்டங்களுக்குப் போட்டியிட்டன.

ஹொராட்ரிக் கனசதுரம் என்ற மாயப்பெட்டியைப் பற்றி ஒரு சொல். அது அடைப்பது நான்கு கட்டம், உள்ளே கொள்வது 12. பொருள்களை ஒன்றோடொன்று கலந்து மாற்றுவதற்காகத் தரப்பட்டது அது. ஆடியவர்களில் பெரும்பாலோர் அதை எட்டுக் கட்ட லாபமாகவே பார்த்தார்கள்.

பெட்டி பாத்திரத்துக்கு உரியது, கணக்குக்கு உரியதல்ல என்பதே இங்கே முக்கியம். ஒரே ஆளின் மந்திரவாதினியும் போர்வீரனும் ஒருவர் பெட்டியை மற்றவர் தொட முடியாது. இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவர்களே 'மியூல்'கள், அதாவது கோவேறு கழுதைகள். சண்டைக்குப் போகாத, வளராத, பொருள் சுமப்பதற்கென்றே படைக்கப்பட்ட பாத்திரங்கள். நம் பழம்பாடல்களில் அத்திரி என்று வரும் விலங்கு இதுதான். நெய்தல் நிலத் தலைவன் அதன்மேல் ஏறி வருவான். இங்கே ஏறி வர ஆளில்லை. ஒரு கணக்கில் எட்டுப் பாத்திரங்கள் நிறைந்ததும் இன்னொரு கணக்கு, அதிலும் எட்டு. ஒருவன் கவசக் கழுதை, ஒருவன் ரூன் கழுதை என்று வகை பிரித்து, எது யாரிடம் என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொள்வார்கள்.

சுமையை மாற்றுவது எப்படி? ஒருவரே இரு பாத்திரங்களாக ஒரே நேரத்தில் நுழைய வழியில்லை. கடவுச்சொல் இட்ட ஓர் ஆட்டத்தை உருவாக்கி, பொருள்களைத் தரையில் போட்டு, வெளியேறி, கழுதையின் பெயரில் மறுபடி நுழைந்து பொறுக்க வேண்டும். ஆளில்லாத ஆட்டத்தை வழங்கி சிறிது நேரம் உயிரோடு வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யும் காரியம் அது. இணைப்பு அறுந்தால் எல்லாம் போயிற்று. ஆகவே ஆட்டத்தைக் காத்து நிற்க ஒரு நண்பர் தேவைப்பட்டார். கடவுச்சொல்லை அறிந்த, தரையில் கிடக்கும் செல்வத்தை எடுத்துக்கொண்டு ஓடாத நண்பர். அந்த உலகில் பேய் சிந்தும் பொருளே முதலில் கை நீட்டியவனுக்குத்தான். அருகில் நின்றவன் தட்டிப்பறித்துப் போவது அன்றாட நிகழ்ச்சி. அப்படிப்பட்ட இடத்தில் தரையைக் காவல் காக்கும் ஒருவரைத் தேடிக்கொள்ள நேர்ந்தது. நட்பை வளர்க்க வேண்டும் என்று எண்ணி எந்த வடிவமைப்பாளரும் இதைத் திட்டமிட்டிருக்க முடியாது.

கழுதைகளுக்கு ஆயுளும் உண்டு. 90 நாள் எட்டிப் பார்க்காத பாத்திரத்தை வழங்கி அழித்துவிடும், சுமையோடு. புதிதாய்ப் படைத்த பாத்திரம் இரண்டு மணி நேரமாவது ஆட்டத்தில் இருந்தாக வேண்டும். இல்லையேல் பத்தே நாள். எனவே கழுதையை ஊர் நடுவே சும்மா நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் வேறு வேலை பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாக் கழுதைகளையும் பெயர் சொல்லி அழைத்துவர வேண்டும். ஏறக்குறைய நீத்தார் கடன்போல ஒரு சடங்கு.

தனியாட்டக்காரர்களுக்கோ, பாத்திரத்தின் கோப்பிலிருந்து பொருளை எடுத்து வெளியே வைக்கவும் வேறொரு பாத்திரத்துக்குள் செலுத்தவும் ரசிகர் ஒருவர் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தார். அதன் பெயர் 'ஆத்மா'. ஆட்டத்தில் வரும் ஒரு விடுதிக்காரியின் பெயரும் அதுவே. ஓர் உடலை விட்டு மறு உடலில் புகவைக்கும் நிரலுக்கு அப்படியொரு பெயர் வாய்த்ததை நம்மால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

பணத்தின் கதைக்கு வருவோம். பொன் இருந்தும் பொன் பணமாகவில்லை. ஒரு பாத்திரம் தன் நிலையைப் பத்தாயிரத்தால் பெருக்கிய அளவுக்குமேல் பொன் சுமக்க முடியாது. செத்தால் ஒரு பங்கு போய்விடும். எளிதாகக் கிடைப்பதால் மதிப்பும் இல்லை. அதன் இடத்தில் ஏறி அமர்ந்தது 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டன்' என்ற மோதிரம். எல்லாத் திறன்களையும் ஒரு படி உயர்த்துவதால் எல்லா வகுப்பினருக்கும் வேண்டியது, அரிதானது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒரு கட்டம். எட்டுக் கட்டம் அடைக்கும் ஈட்டி எவ்வளவு உயர்ந்ததாயினும் பணமாக முடியாது. பெட்டி நிறைய ஈட்டி ஆறு, பெட்டி நிறைய மோதிரம் 48. நாணயத்தின் குணங்களாகப் பொருளாதாரப் பாடநூல்கள் சொல்லும் எளிதில் எடுத்துச்செல்லும் தன்மை இங்கே கட்டக் கணக்கிலேயே நிறுவப்பட்டுவிட்டது.

பணம் வந்ததும் கள்ளப்பணமும் வந்தது. நிரலின் ஓட்டைகள் வழியே மோதிரங்களை நகலெடுத்தார்கள். 2003இல் வந்த 1.10 திருத்தம் இதற்கு விசித்திரமான ஒரு வடிகாலை வெட்டியது. மோதிரங்களை ஊர் வணிகரிடம் விற்றால், இத்தனை விற்கப்பட்டன என்று எல்லோர் திரையிலும் எண்ணிக்கை ஏறும். போதிய அளவு விற்றதும் பெரும்பேய் ஒன்று நடமாடத் தொடங்கும். அதைக் கொன்றால் ஒரு தாயத்து கிடைக்கும், ஒருவர் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாத தாயத்து. மக்கள் தங்கள் நாணயத்தைத் தாங்களே அழித்தார்கள். அழித்து வாங்கிய அந்தத் தாயத்து அடைப்பதும் ஒரே கட்டம்தான்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் இரண்டாம் டயாப்லோவின் ரசிகர்கள் தொடங்கிய கிரைண்டிங் கியர் கேம்ஸ், 2013இல் 'பாத் ஆஃப் எக்ஸைல்' ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டது. அப்போது அதில் பொற்காசு கிடையாது. பொருளை மாற்றியமைக்கும் உருண்டைகளே நாணயம். 144 கட்டம் கொண்ட பெட்டகங்கள் நான்கு இலவசம், கணக்கு முழுவதற்கும் பொது. மேலும் வேண்டுமானால் உண்மைப் பணம் கொடுத்து வாங்கலாம். பின்னர் 576 கட்டங்கள் கொண்ட ஒரு பெரும் பெட்டகத்தையும் விற்றார்கள். இலவசமாகத் தந்த நான்கின் கூட்டுத்தொகை அது. வலிமையை விற்பதைவிட இடத்தை விற்பது நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஓயாமல் பொருளைப் பொழிகிறவரே அலமாரியையும் விற்கும்போது, போதாமை என்பது வாடகையாகிவிடுகிறது. கழுதை மேய்த்தவர்களின் அலுப்பை அழகாக்கிப் பேச நாம் விரும்பவில்லை, அது அலுப்புத்தான். ஆனால் அங்கே இன்னொரு ஆளின் தயவு தேவைப்பட்டது. இங்கே கடனட்டை போதும்.

2021 செப்டம்பரில் இரண்டாம் டயாப்லோ புதுப்பிக்கப்பட்டு வந்தபோது தனிப்பெட்டி 100 கட்டங்களாயிற்று. எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவாக நூறு நூறாக மூன்று பெட்டகங்கள் சேர்ந்தன. தரையில் போட்டுவிட்டு ஓடி வரும் வேலை ஒரு கணக்குக்குள் முடிவுக்கு வந்தது. இனி இடத்துக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தவர்களுக்கு 2023இல் நான்காம் டயாப்லோ வந்ததும் பழைய முறையீடே திரும்பியது: பெட்டகம் போதவில்லை. வன்தட்டு இத்தனை மலிந்த காலத்தில் ஏன் என்று கேட்டார்கள். வடிவமைப்பாளர்கள் அப்போது அளித்த விளக்கம் நாம் எதிர்பாராதது. எல்லோரும் நடமாடும் பொது உலகம் அது. வழியில் ஒருவரை எதிர்கொள்ளும்போது அவர் அணிந்திருப்பது மட்டுமல்ல, அவர் பெட்டகத்தில் பூட்டிவைத்திருப்பதும் சேர்ந்து நம் கணினியின் நினைவகத்தில் ஏறிக்கொள்கிறது. பெட்டகம் பெருத்தால் அந்தச் சுமையும் பெருக்கும். முன்பின் அறியாத ஒருவர் குதிரையில் நம்மைக் கடந்து போன அந்தச் சில நொடிகளில், அவர் என்றோ கழற்றி வைத்த பழைய பாதணிகளையும் நாம் சுமந்திருக்கிறோம்; நம்முடையவற்றை அவரும்.