நாமக்கல் லாரி கேபின்

நாமக்கல் லாரி கேபின் என்பது சேலம், நாமக்கல் சமவெளியின் பட்டறைகளில் லாரி சேசிஸ் மீது கட்டப்படும் ஓட்டுநர் அறை. டிரைவரும் கிளீனரும் வாரக்கணக்கில் வெளிமாநிலச் சாலைகளில் சுற்றுவதால், உட்கார்ந்து ஓட்டவும், நீட்டிப் படுக்கவும், துணிமணியும் சாமான்களும் வைக்கவும் ஏற்றவாறு இது அமைக்கப்படுகிறது. பொழுதுபோக்குப் பயணத்துக்கான கேரவன் வண்டிகள் தமிழ்நாட்டில் அரிது. பெரும்பாலோர் அவற்றைப் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களின் ஓய்வறையாகத்தான் அறிவர். வண்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை இவ்வட்டாரத்தில் லாரித் தொழிலோடும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடும் சேர்ந்தே வளர்ந்தது. பழைய கேபினில் சுகமாகப் போய்வருவது அதன் மெத்தையைவிட, வெப்பம், மழைநீர், அதிர்வு ஆகிய மூன்றையும் அன்றாடப் பராமரிப்பால் எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பின்னணி

நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனியாகச் செயல்படத் தொடங்கியது. மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற காவிரிக்கரைப் பகுதிகளைத் தவிர இந்தச் சமவெளியின் பெரும்பகுதி மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும்தான். மழையை நம்ப முடியாத குடும்பங்கள் கோழிப்பண்ணைக்கும் லாரிக்கும் திரும்பின. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 சேலம், நாமக்கல் வழியாகவும், கோவை, கொச்சி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544 சேலம், சங்ககிரி வழியாகவும் போகின்றன. இந்த இரு சாலைகளும் தொழிலுக்குத் துணை நின்றன.

வட்டாரத்துக்குள் ஊருக்கு ஊர் தொழில் பிரிந்திருக்கிறது. பஸ் பாடி கட்டக் கரூர், லாரி பாடி கட்ட நாமக்கல், லாரி உரிமையாளர்கள் நிறைந்த ஊராகச் சங்ககிரி, ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு என்று பெயர். சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் தென்மண்டலச் சங்கமும் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டது.

அமைப்பு

வண்டி நிறுவனங்கள் நெடுங்காலம் கனரக லாரிகளை முழு வண்டியாக விற்கவில்லை. எஞ்சின், சக்கரங்கள், ஸ்டீயரிங், முன்முகப்பு ஆகியவற்றோடு சேசிஸ் மட்டும் வரும். டிரைவர் தற்காலிக இருக்கையில் உட்கார்ந்து, வெயிலிலும் காற்றிலும் அதை நாமக்கல் வரை ஓட்டிவருவார். கேபினும் சரக்குத் தொட்டியும் பட்டறையில் உருவாகும். தச்சர், வெல்டர், டிங்கர், பெயின்டர், எலக்ட்ரீஷியன், சீட் தைப்பவர் எனப் பல கைகள் இதில் சேர்கின்றன.

பழைய முறைக் கேபினுக்கு மரச்சட்டம்தான் எலும்புக்கூடு. வெளியே இரும்புத் தகடும் உள்ளே பிளைவுட்டும் அடித்து, அதன்மேல் ரெக்சின் ஒட்டுவார்கள். மரம் இரும்பைவிட மெதுவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் பழைய கேபின் வெயிலில் சற்றுத் தாமதமாகவே சூடேறும். எஞ்சினின் பானெட் கேபினுக்குள்ளேயே, டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் மேடுபோல் நிற்கும். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே நீளும் பலகைதான் படுக்கை. கேபினின் தலைக்குமேல் தார்ப்பாயும் கயிறும் வைக்கும் இடம் உண்டு. கோடை இரவுகளில் அதுவே மொட்டை மாடி.

படுக்கை வசதிக்கு வழக்கத்தோடு சட்டமும் காரணம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், தேசிய பர்மிட் பெற்ற கனரக லாரியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்றும், மாற்று டிரைவர் நீட்டிப் படுக்க டிரைவர் இருக்கைக்குப் பின்னே வண்டியின் முழு அகலத்துக்கும் இருக்கை அமைக்க வேண்டும் என்றும் கூறின. இரண்டு டிரைவர் கட்டாயம் 2018-இல் தளர்த்தப்பட்டது.

பராமரிப்பு

வெப்பம்: கேபினுக்குள் இருக்கும் எஞ்சின் மேடுதான் முதல் எதிரி. மூடியின் விளிம்பு ரப்பர் காய்ந்து வெடித்தால் சூடும் டீசல் வாடையும் புகையும் உள்ளே வரும். ரப்பரை மாற்றி, மூடியின் அடியில் வெப்பம் தாங்கும் விரிப்பை ஒட்டுவது மலிவான வேலை. அதன் பலனை அடுத்த நடையிலேயே உணரலாம். எஞ்சினின் சூட்டை அடக்குவது ரேடியேட்டர். பாறைப் பகுதியான இவ்வட்டாரத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். அதை அப்படியே ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்து, தோப்பூர் கணவாய் போன்ற ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். கூலன்ட்டைச் சுத்திகரித்த நீரில் கலந்து ஊற்றுவதும், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், ஹோஸ் ஆகியவற்றைக் கோடைக்கு முன் பார்ப்பதும் பழைய வண்டிக்கு அவசியம். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறந்தால் முகத்தில் வெந்நீர் தெறிக்கும் ஆபத்து உண்டு.

மழைநீர்: மரச்சட்டக் கேபின் ஒழுகுவது பெரும்பாலும் கூரைத் தகடுகள் சேரும் இடத்திலும், கண்ணாடி ரப்பரின் மூலைகளிலும், மேல்விளக்கின் கம்பி நுழையும் துளையிலும்தான். வெளியே சிறு விரிசலாகத் தெரிவது உள்ளே பிளைவுட்டை உப்ப வைத்து, மரச்சட்டத்தை இற்றுப்போகச் செய்யும். ஐப்பசி மழைக்கு முன் கூரைமேல் தண்ணீர் விட்டுப் பார்த்து, கசியும் இடத்தைச் சுரண்டி, காயவைத்து, சீலன்ட் பூசுவது நல்லது. ஈரம் இருக்கும்போதே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் துரு உள்ளுக்குள் வளரும். ரெக்சினுக்கு அடியில் பூஞ்சை வாடை வந்தால் அந்த இடத்தைப் பிரித்துப் பார்ப்பதே சரியான வழி.

அதிர்வு: முதுகுவலிக்கு இருக்கை மட்டும் காரணமல்ல. ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று முறிந்திருந்தாலும், ஷாக்கிள் பின் தேய்ந்திருந்தாலும், கேபினைச் சேசிஸோடு பிணைக்கும் ரப்பர்கள் கல்லாகியிருந்தாலும் ஒவ்வொரு பள்ளமும் நேராக உடம்புக்கு வரும். கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களைத் தவறவிடாமல் இருந்தால் இந்தத் தேய்மானத்தை நெடுநாள் தள்ளிப்போடலாம். சரக்கின்றிப் போகும் கனரக லாரி குதிப்பது இயல்பு. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குவதற்கென்றே கடினமாக அமைக்கப்பட்டது.

மின்சாரம்: கனரக லாரிகளின் மின்னமைப்பு 24 வோல்ட்; இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். ரேடியோவுக்கோ செல்போனுக்கோ ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுப்பது பழைய வண்டிகளில் பரவலான தவறு. ஒன்று காலியாகவும் மற்றொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறவும் செய்து, இரண்டுமே சீக்கிரம் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. சார்ஜ் நிறைந்த இணை ஓய்வில் சுமார் 25.2 வோல்ட் காட்டும். 24.4-க்குக் கீழே இறங்கினால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். இரவு முழுதும் ஃபேன் ஓடவிட்டு, காலையில் செல்ஃப் எடுக்கவில்லையே என்று நிற்பதைத் தவிர்க்க இந்த அளவு உதவும். பின்னால் சேர்த்த ஒவ்வொரு விளக்குக்கும் ஃபேனுக்கும் தனி ஃப்யூஸ் இருக்க வேண்டும். பழைய கேபின்களில் தீப்பிடிக்க ஒட்டுப்போட்ட கம்பிகளே முதல் காரணமாகக் கருதப்படுகின்றன.

காற்றும் பிரேக்கும்: ஏர் பிரேக் உள்ள வண்டியில் காற்றுத் தொட்டியில் சேரும் நீரை நாள்தோறும் வடிக்க வேண்டும், இல்லையெனில் வால்வுகள் துருப்பிடிக்கும். டீசல் ஃபில்டரோடு உள்ள நீர் பிரிப்பானையும் அவ்வாறே வடிக்க வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தோப்பூர் கணவாய் நீண்ட சரிவும் அடிக்கடி விபத்துகளும் கொண்ட பகுதி. இங்கே நியூட்ரலில் விடுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவதும் பிரேக் டிரம்மைச் சூடாக்கி, பிடிப்பே இல்லாமல் செய்துவிடும். சரிவின் தலைப்பிலேயே கீழ் கியருக்கு மாற்றிவிட வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டுச் சாலைக்கும், 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலைக்கும் இதே விதிதான். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். பட்டன் தேயாவிட்டாலும் வயதான ரப்பர் வெடிக்கும் என்பதால், அதிகம் ஓடாத வண்டிக்கு இந்த எண்ணே முக்கியம்.

வழியில் வாழ்க்கை

லாரி கேபினில் கழிப்பறையும் குளியலறையும் கிடையாது. பெட்ரோல் பங்க், தாபா, சாலையோரக் குழாய் ஆகியவையே அக்குறையை நிரப்புகின்றன. சேசிஸின் பக்கவாட்டில் தண்ணீர்க் கேனுக்கும் சமையல் சாமான் பெட்டிக்கும் இடம் விடுவது நாமக்கல் பாடிகளில் வழக்கம். அரிசி, பருப்பு, மசாலாப் பொடி, ஊறுகாய் வீட்டிலிருந்து வரும். வட மாநிலங்களில் சோற்றுக்கு ஏங்கும் டிரைவர்கள் வண்டியின் நிழலில் தாங்களே வடித்துக்கொள்வார்கள். முன்பு பம்ப் ஸ்டவ், இப்போது சிறிய சிலிண்டர். மூடிய கேபினுக்குள் அடுப்பு மூட்டுவதும், எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு தூங்குவதும் நச்சுப்புகையால் உயிரைப் பறிக்கக்கூடியவை. எரிவாயு டேங்கரின் அருகே தீயே கூடாது.

தூக்கத்துக்கு இடம் தேர்வதிலும் முறை உண்டு. வண்டி சரிந்து நின்றால் தலை மேட்டுப்பக்கம் இருக்கும்படி படுக்க வேண்டும். காலை வெயில் முன்கண்ணாடியில் விழாத திசை, காற்றோட்டம், கொசுவலை, டீசல் திருட்டுக்கு வழியில்லாத வெளிச்சம் ஆகியவற்றைப் பார்த்தே நிறுத்துவார்கள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை நேரத்தையும், 5 மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி ஓய்வையும் வகுத்தது. சரக்கு சேர வேண்டிய அவசரத்தில் இது எளிதில் மீறப்பட்டது. நெடுஞ்சாலைகளில் லாரி டிரைவர்களுக்கென 1,000 ஓய்விடங்கள் கட்டும் திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

ரிக் வண்டிகள்

திருச்செங்கோட்டு ரிக் என்பது பொதுவாக இரண்டு லாரிகள் கொண்ட அணி. ஒன்றில் துளையிடும் எந்திரம். மற்றொன்றில் குழாய்கள், டீசல், உதிரிப் பாகங்கள், சமையல் சாமான்கள், ஆட்கள். காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தியல் பாறையை உடைத்து இறங்க, அதே காற்று தூளை மேலே தள்ளும். மேனேஜர், டிரில்லர், டிரைவர்கள், உதவியாளர்கள், சமையற்காரர் என ஒரு குழுவே கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என மாதக்கணக்கில் சுற்றும். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இங்கிருந்து ரிக்குகள் போயுள்ளன.

வண்டியின் வசதி லாரிக்காரருக்கு இருப்பதைவிட இவர்களுக்கு முக்கியம், ஏனெனில் வேலையிடமும் அதுவே. கம்ப்ரசரின் இரைச்சலும் பாறைத் தூளும் படுக்கைவரை வரும். எனவே ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வதும், படுக்கையைத் தார்ப்பாயால் மூடிவைப்பதும் அன்றாட வேலை. மழைக்காலத்தில் வயலுக்குள் வண்டி இறங்க முடியாதபோது பல ரிக்குகள் ஊர் திரும்பும். பெரிய பழுதுகள் அப்போதுதான் பார்க்கப்படுகின்றன.

சட்டமும் வயதும்

சரக்கு வண்டிகளுக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். பேச்சுவழக்கில் இது எஃப்.சி. பழைய லாரியின் டிங்கர் வேலை, பெயின்ட், பிரேக், விளக்கு எல்லாம் எஃப்.சி.யை ஒட்டியே நடப்பதால், வண்டியின் பராமரிப்பு நாட்காட்டியாகவே இது மாறிவிட்டது. தேசிய பர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு: பல அச்சு வண்டிக்கு 15 ஆண்டு, மற்றவற்றுக்கு 12 ஆண்டு. அதைத் தாண்டிய லாரி மாநிலத்துக்குள் செங்கல், வைக்கோல், ஜல்லி என்று குறுநடைக்கு இறங்கும். படுக்கை இருந்தும் இரவு தங்கும் தேவை குறையும்.

பழைய லாரியை வாங்கி வீட்டு வண்டியாக மாற்ற விரும்புவோர் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் கவனிக்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை அது தடுக்கிறது. கேரவன் வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ்.-124, லாரிக் கேபின், பாடிகளுக்கு ஏ.ஐ.எஸ்.-093 எனத் தனித்தனித் தரவிதிகள் உள்ளன.

மாற்றங்கள்

பாடித் தரவிதிகளும் நிறுவனங்களே கட்டித் தரும் கேபின்களும் நாமக்கல் தச்சர்களின் வேலையைக் குறைத்துவருகின்றன. பட்டறைகளின் கவனம் சரக்குத் தொட்டி, டேங்கர், டிரெய்லர் பக்கம் திரும்புகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 எஞ்சின்கள் பழுதானால் கம்ப்யூட்டர் கருவி தேவைப்படுகிறது. மெக்கானிக்கல் பம்ப் கொண்ட பழைய எஞ்சினைச் சாலையோர மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்துவிடுவார். ஏ.சி. விதி முன்பே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குப் பொருந்தாது. எனவே புதிய லாரி தொழிற்சாலையிலிருந்து வசதியோடு வருகிறது. பழைய லாரியின் வசதியை உரிமையாளரும் டிரைவரும் பட்டறைக்காரரும் இன்னும் சில ஆண்டுகளுக்குத் தாங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.