ஆர்வலருக்கான கையடக்க எண்ணிம கேமரா

தொழிலாக அல்லாமல் விருப்பத்தால் படமெடுப்போரைக் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட சிறிய எண்ணிம கேமராக்கள் ஒரு தனி வகையாகக் கருதப்படுகின்றன. கோட்டுப் பையிலோ சிறு தோள்பையிலோ அடங்கும் உருவமும் கழற்ற முடியாத வில்லையும் இவற்றுக்கு உண்டு. அத்துடன் துளை, மூடுவேகம், ஒளியுணர்திறன் ஆகியவற்றைப் படமெடுப்பவரே அமைத்துக்கொள்ளவும் இவை இடம் தருகின்றன. எல்லாவற்றையும் தானே முடிவு செய்யும் சாதாரணக் கையடக்க கேமராவுக்கும், வில்லையை மாற்றக்கூடிய பெரிய எஸ்எல்ஆர் கேமராவுக்கும் இடைப்பட்டவை இவை. 2000ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இவ்வகை செழித்திருந்தது. அக்காலம் முழுவதும், பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்ட எண் ஒன்றாகவும், படத்தின் தரத்தைத் தீர்மானித்த எண் வேறொன்றாகவும் இருந்தன. எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது என்பதே ஆர்வலரின் முன் நின்ற கேள்வி.

படச்சுருள் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், திரைப்படச் சுருளைப் பயன்படுத்தும் சிறிய நிழற்படக் கேமரா ஒன்றை முதல் உலகப் போருக்குச் சற்று முன் செய்து பார்த்தார். கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற அவருடைய உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. அக்கருவியின் வழிவந்த லைக்கா 1925இல் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் அறிமுகமானது. அதில் பதிவாகும் படத்தின் அளவு 36 × 24 மி.மீ. இந்த அளவே பின்னர் உலகெங்கும் வழக்கமாயிற்று.

அதன் பின் வந்த சிறிய கேமராக்கள் பலவும் இதே சுருளையே பயன்படுத்தின. 1966இல் வந்த ரோலை 35, 1979இல் யோஷிஹிசா மைதானி வடிவமைத்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ, 1996இல் வந்த ரிக்கோ ஜிஆர்1 ஆகியவை ஆர்வலர்கள் விரும்பிச் சுமந்தவை. தெருக்காட்சிகளைக் கரடுமுரடான கறுப்பு வெள்ளையில் பதிவு செய்த ஜப்பானியக் கலைஞர் தைதோ மொரியாமாவின் கையில் ஜிஆர் வகைக் கேமரா இருந்தது. இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பையில் அடங்கிய எக்ஸ்ஏவுக்குள்ளும் செய்தியாளரின் பெரிய கேமராவுக்குள்ளும் ஒரே கடையில் வாங்கிய ஒரே சுருளைப் போடலாம். வில்லை நன்றாக இருந்தால், சிறிய கேமராவில் எடுத்த படம் பெரியதில் எடுத்ததற்கு அதிகம் பின்தங்காது. கேமரா சிறுத்தாலும் ஒளி விழும் பரப்பு சிறுக்கவில்லை. எண்ணிமக் காலத்தில் குலைந்தது இந்தச் சமநிலைதான்.

நகத்தளவு உணரி

ஒளியை மின்னூட்டமாகச் சேகரிக்கும் சிசிடி சில்லை 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகியோர் உருவாக்கினர். இருவரும் 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் இத்தகைய சில்லைக் கொண்டு கையில் ஏந்தக்கூடிய எண்ணிம கேமராவின் மாதிரியைச் செய்தார். எடை ஏறத்தாழ 3.6 கிலோ. 100 × 100 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடி தேவைப்பட்டது. 1995இல் வந்த காசியோ க்யூவி10 பின்புறத் திரையில் படத்தை உடனே காட்டியது. எடுத்த கையோடு பார்க்கும் பழக்கம் பொதுமக்களிடையே பரவ அது வழி செய்தது.

உணரிகள் சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படுகின்றன. உணரி பெரிதாக ஆக ஒரு தகட்டில் கிடைக்கும் எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றிலும் குறை நேர்வதற்கான வாய்ப்பு கூடும், விலை ஏறும். எனவே கையடக்கக் கேமராக்களில் சுண்டுவிரல் நகத்தளவு உணரிகளே பொருத்தப்பட்டன. படச்சுருள் சட்டகத்தின் பரப்பு 864 சதுர மி.மீ. சாதாரணக் கையடக்கக் கேமராவின் உணரிப் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மி.மீ. ஆர்வலர் வகையில் இது 38 முதல் 43 சதுர மி.மீ. வரை இருந்தது.

இந்த அளவுகள் வாங்குவோருக்கு எளிதில் புரியாத வடிவில் எழுதப்பட்டன. 1/2.5 அங்குலம், 1/1.8 அங்குலம் என்னும் குறிப்புகள் உணரியின் நீளத்தையோ அகலத்தையோ மூலைவிட்டத்தையோ சொல்லவில்லை. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் கொண்டு பெயரிட்ட வழக்கத்தின் மிச்சம் அது. ஓர் அங்குல உணரி எனப்படுவதன் மூலைவிட்டம் உண்மையில் 16 மி.மீ. அளவே. பின்னத்தின் கீழே உள்ள எண் பெரிதானால் உணரி சிறிது என்பதையும் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மெகாபிக்சல் எண்ணோ யாருக்கும் விளக்கம் தேவைப்படாதது. 5ஐவிட 8 பெரிது.

2000: ஜி1

1999இல் நிக்கான் வெளியிட்ட கூல்பிக்ஸ் 950, உடலின் நடுவில் திரும்பக்கூடிய வினோதமான அமைப்புடையது. தொலைநோக்கியின் கண்வில்லையில் இதைப் பொருத்திப் பறவைகளைப் படமெடுக்கலாம் என்று பறவை ஆர்வலர்கள் கண்டுகொண்டனர். மறுஆண்டு கேனன் பவர்ஷாட் ஜி1 வந்தது. 3.3 மெகாபிக்சல், 3 மடங்கு ஜூம், எல்லாப் பக்கமும் திருப்பக்கூடிய திரை, வெளிப் பிளாஷைச் செருகும் இடம், ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி ஆகியவை அதில் இருந்தன. வில்லையின் துளை அகலக் கோணத்தில் எஃப் 2.0, தொலைக் கோணத்தில் எஃப் 2.5. இந்த எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும், எஃப் 2.8 தருவதைப் போல் இரு மடங்கு ஒளியை எஃப் 2.0 தரும். 2002இல் ஒலிம்பஸ் சி5050 எஃப் 1.8 வரை சென்றது.

அந்த ஆண்டுகளில் மெகாபிக்சலைப் பார்த்து வாங்கியவர்கள் தவறு செய்யவில்லை. 10 × 15 செ.மீ. அச்சுப்படம் கூர்மையாக இருக்க ஏறத்தாழ 2 மெகாபிக்சல் வேண்டும். ஏ4 தாள் அளவுக்கு 8 அல்லது 9 வேண்டும். எனவே 2இலிருந்து 3, 3இலிருந்து 5 என்று ஏறிய ஒவ்வொரு படியும் சுவரில் மாட்டும் படத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. தேவை தீர்ந்த பின்னும் அந்த எண் ஏறிக்கொண்டே போனதுதான் சிக்கல்.

எண்ணின் ஓட்டம்

2003இல் கேனன் ஈஓஎஸ் 300டி, எஸ்எல்ஆர் எண்ணிம கேமராவின் விலையை முதன்முறையாக 1000 அமெரிக்க டாலருக்குக் கீழே கொண்டுவந்தது. பணம் சேர்த்த ஆர்வலர்கள் அந்தப் பக்கம் நகர்ந்தனர். கையடக்கக் கேமரா அவர்களுக்கு இரண்டாம் கருவியாயிற்று. உற்பத்தியாளர்களும் அதை அவ்வாறே நடத்தத் தொடங்கினர். 2006இல் வந்த பவர்ஷாட் ஜி7 பார்க்க அழகானது. உடல் உலோகம், ஜூம் 6 மடங்கு, பிக்சல் 1 கோடி. ஆனால் துளை எஃப் 2.8இல் தொடங்கியது, திருப்பும் திரை போய்விட்டது, ரா வசதியும் நீக்கப்பட்டது.

ரா நீக்கப்பட்டதே ஆர்வலர்களை அதிகம் வருத்தியது. ஜேபெக் கோப்பில் நிறம், கூர்மை, இரைச்சல் நீக்கம் எல்லாவற்றையும் கேமரா முடிவு செய்து மீதியைத் தூக்கியெறிந்துவிடும். ரா கோப்பு உணரியிலிருந்து வந்த தரவை அப்படியே வைத்திருப்பதால், வீட்டில் கணினியின் முன் அமர்ந்து நிழலில் மறைந்த முகத்தை மீட்க முடியும். இருட்டறையில் சொந்தமாக அச்சிட்டுப் பழகியவருக்கு ரா இல்லாத கேமரா, கழுவிய படத்தை மட்டும் தந்து நெகட்டிவைத் தராத ஸ்டுடியோ போன்றது. சிஎச்டிகே என்னும் மென்பொருளைத் தன்னார்வ நிரலாளர்கள் எழுதினர். அதை நினைவக அட்டையில் ஏற்றினால், நிறுவனம் தராத ரா வசதி பல கேனன் கேமராக்களில் கிடைத்தது. 2007இல் வந்த ஜி9இல் கேனனே ராவைத் திரும்பக் கொண்டுவந்தது.

இதற்கிடையே பிக்சல் எண்ணிக்கை 2008இல் ஜி10 கேமராவில் 1 கோடியே 47 லட்சத்தைத் தொட்டது. உணரியின் பரப்போ பெரிதாக மாறவில்லை. கணக்கிட்டால், ஜி1இல் ஒரு பிக்சலுக்குக் கிடைத்த பரப்பில் நான்கில் ஒரு பங்குதான் ஜி10இல் கிடைத்தது. நல்ல வெயிலில் ஜி10 அருமையான படங்களைத் தந்தது. நிலப்பரப்பை எடுப்போர் அதைப் புகழ்ந்தனர். மாலை மங்கியதும் படத்தில் நிறப்புள்ளிகள் மணல் தூவியதுபோல் தோன்றின. அவற்றை மென்பொருள் துடைத்தபோது தலைமுடியும் புல்லும் சேர்ந்து மெழுகாயின. குழந்தையின் பிறந்தநாளை வீட்டு விளக்கில் எடுக்க விரும்பியவருக்கு, கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பிக்சல்களால் பயனில்லை.

இந்த ஓட்டத்தில் சேராதவையும் இருந்தன. ஃபியூஜியின் எஃப்30 2006இல் வெறும் 6 மெகாபிக்சலுடன் வந்தது. மங்கிய ஒளியில் அது தன் காலத்துக் கையடக்கக் கேமராக்களை முந்தியது. ஆனால் அதில் ராவும் இல்லை, கைவழிக் கட்டுப்பாடும் குறைவு. 2005இல் வந்த ரிக்கோ ஜிஆர் டிஜிட்டல், ஜூமே இல்லாமல் 28 மி.மீ. கோணத்துடன் மட்டும் விற்கப்பட்டது.

எண் இறங்கிய ஆண்டு

2008இல் பானசோனிக் எல்எக்ஸ்3 வெளிவந்தது. முந்தைய எல்எக்ஸ்2 போலவே இதுவும் 10 மெகாபிக்சல்தான். முயற்சி முழுவதும் வில்லையில் இருந்தது: 24 மி.மீ. அகலக் கோணம், எஃப் 2.0 துளை. வில்லை மூடியைக் கையால் கழற்ற வேண்டும், ஜூம் 2.5 மடங்கு மட்டுமே என்ற குறைகளை ஆர்வலர்கள் பொறுத்துக்கொண்டனர். அதே கேமரா லைக்காவின் சிவப்புப் புள்ளியுடன் டி-லக்ஸ் 4 என்ற பெயரில் கூடுதல் விலைக்கும் விற்றது. அதே ஆண்டு சிக்மா டிபி1, எஸ்எல்ஆர் கேமராக்களுக்கு நிகரான அளவுடைய உணரியைக் கையடக்க உடலில் பொருத்திக் காட்டியது. படம் அற்புதமாக இருந்தது; ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்கும் பொறுமைதான் வேண்டும்.

2009 ஆகஸ்டில் கேனன் ஜி11ஐ அறிவித்தது. பிக்சல் எண்ணிக்கை 1 கோடியே 47 லட்சத்திலிருந்து 1 கோடிக்கு இறக்கப்பட்டிருந்தது. வில்லை ஜி10இல் இருந்த அதே வகை. திருப்பும் திரையும் திரும்பி வந்தது. புதிய கேமராவின் பெட்டியில் பழையதைவிடச் சிறிய எண்ணை அச்சிடுவது விற்பனைத் துறைக்கு எளிதான முடிவல்ல. அதுவரை ஆர்வலர்கள் சொல்லிவந்ததை நிறுவனம் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தருணமாக இதைக் கொள்ளலாம். உடன் வந்த எஸ்90 அதே அளவு உணரியையும் எஃப் 2.0 வில்லையையும் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. அதன் வில்லையைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகித் துளையையோ ஒளியுணர்திறனையோ மாற்றலாம்.

இதன் பின் போட்டி உணரியின் பரப்புக்கு மாறியது. 2011இல் விற்பனைக்கு வந்த ஃபியூஜி எக்ஸ்100, எஸ்எல்ஆர் அளவு உணரியும் எஃப் 2 நிலைக்கோண வில்லையும் கொண்டது. கண்ணாடி வழியே நேரில் பார்க்கவும், அதே சாளரத்தில் மின்திரையாகப் பார்க்கவும் வசதி இருந்தது. 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தது: 13.2 × 8.8 மி.மீ. உணரி, 2 கோடி பிக்சல், எஃப் 1.8 வில்லை, எடை 240 கிராம். ஜி11 உணரியைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பரப்பு, அதைவிடச் சிறிய உடலில்! அதற்கு விலையும் இருந்தது. ஜூம் செய்தால் துளை எஃப் 4.9க்குச் சுருங்கிவிடும், பார்வைச் சாளரம் இல்லை, வழுவழுப்பான உடலை இறுகப் பிடிக்க விரலுக்கு இடமில்லை. 2014இல் வந்த மூன்றாம் பதிப்பு எஃப் 1.8–2.8 வில்லையையும் உடலிலிருந்து மேலெழும் சாளரத்தையும் தந்தது. அதில் வெளிப் பிளாஷைச் செருக இடமில்லை. 2000ஆம் ஆண்டின் ஜி1இல் அது இருந்தது.

கைபேசிக்குப் பின்

2010இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட எண்ணிம கேமராக்கள் தொழிற்சாலைகளிலிருந்து அனுப்பப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கையடக்க வகை. 2020இல் எல்லா வகையும் சேர்ந்தே ஒரு கோடியை எட்டவில்லை. சாதாரணக் கையடக்கக் கேமராவின் இடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டது. கைபேசியின் உணரியும் சிறியதுதான். ஆனால் ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து ஒன்றாக்கி இரைச்சலைக் குறைக்கும் கணிப்புமுறை, சிறிய பரப்பின் குறையைப் பெருமளவு ஈடுசெய்தது. ஜி, எல்எக்ஸ் வரிசைகளுக்கு இடையே இருந்த நுண்ணிய வேறுபாடுகளைப் பேசுவதற்கான அவசியமே குறைந்தது.

நிலைத்தவை கைபேசியிலிருந்து மிக விலகி நின்ற கேமராக்கள். 2019இல் வந்த ரிக்கோ ஜிஆர் III, ஜூமும் பார்வைச் சாளரமும் உள் பிளாஷும் இல்லாதது. எஸ்எல்ஆர் அளவு உணரி, 28 மி.மீ. கோணம், 257 கிராம் எடை ஆகியவையே அதன் முதல். 2020இல் வந்த ஃபியூஜி எக்ஸ்100வி சில ஆண்டுகள் கழித்துச் சமூக ஊடகங்களில் பரவிய காணொளிகளால் தட்டுப்பாட்டுக்கு உள்ளானது. கைமாறிய கேமராக்கள் புதியதன் விலைக்கும் மேலே விற்றன. அதே காலத்தில் 2000களின் பழைய சிசிடி கேமராக்களையும் இளைஞர்கள் தேடி வாங்கத் தொடங்கினர். ஜி10 படங்களில் முன்பு குறையாகச் சொல்லப்பட்ட மணல்போன்ற புள்ளிகளே இப்போது அவர்களில் பலருக்குப் பிடித்திருக்கின்றன.